ரங்கூனுக்கு வரும் சொந்தக்காரர்களை எங்கே கூட்டிப்போவது?

4 நவம்பர் 2018, காலை. யாங்கோனிலிருந்து (பழைய ரங்கூன்) ஒரு தம்பி கேட்டது:

வணக்கம். நான் பிறந்து வளர்ந்தது யாங்கோன். கொள்ளுத்தாத்தா தஞ்சாவூர்ப் பக்கமிருந்து வந்தவர். ஜனவரியில் எங்கள் அத்தை குடும்பம் முதல் தடவையாக ஊரிலிருந்து வருகிறார்கள். மூன்று நாள்தான் இருப்பார்கள். எழுபது வயதைத் தாண்டிய பாட்டி ஒருவர், காலேஜ் படிக்கும் பிள்ளைகள் இரண்டு பேரும் உண்டு. எனக்கு இந்த ஊரில் எதைப் பார்த்தாலும் வழக்கமானதாகத்தான் தெரிகிறது. ஷ்வேடகோன் பகோடாவையும் போஜோ மார்க்கெட்டையும் காட்டினால் போதும், வேறு என்ன இருக்கிறது என்கிறான் என் நண்பன். வெளியூரிலிருந்து வந்து போனவர்கள் உங்களுக்கு எது பிடித்தது என்று சொல்லுங்கள். நான் தமிழ் படித்தது கோயில் வகுப்பில். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

4 நவம்பர், இரவு

தம்பி, நண்பர் பேச்சைக் கேட்டு அத்தை குடும்பத்தை அப்படித் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். நானும் வீட்டுக்காரரும் மாமியாரும் போன மார்கழியில் மன்னார்குடியிலிருந்து கிளம்பி உங்கள் ஊருக்கு வந்தோம். மாமியாரின் அப்பா ரங்கூனில் அரிசி ஆலை ஒன்றில் கணக்கு எழுதியவர். 1941 டிசம்பரில் ஜப்பான் குண்டு விழுந்த பிறகு ஊர் திரும்பியவர். அவர் வாய் ஓயாமல் பேசிய ஊரை ஒரு தடவையாவது பார்த்துவிடவேண்டும் என்று மாமியார் பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

எது பிடித்தது என்று யோசித்தால் கட்டடங்கள் பின்னால் போய்விடுகின்றன. நாங்கள் உட்கார்ந்த இடங்கள்தான் முன்னால் வந்து நிற்கின்றன. டீக்கடை முக்காலி, ஷ்வேடகோனின் பளிங்குத் தரை, ஊரைச் சுற்றும் வட்ட ரயிலின் பெஞ்சு, ஆற்றைக் கடக்கும் டாலா படகு. ரங்கூனில் ஓடி ஓடிப் பார்த்தவர்கள் தங்கக் கோபுரம் ஒன்றைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். உட்கார்ந்தவர்களுக்குத்தான் மனிதர்கள் கண்ணில் படுகிறார்கள். பத்து இடம் என்று பட்டியல் மட்டும் போடாதீர்கள். மற்றதை நேரம் கிடைக்கும்போது எழுதுகிறேன்.

5 நவம்பர்

டீக்கடை. உங்களுக்கு இது தோன்றவே தோன்றாது என்பதால் முதலில் சொல்கிறேன்.

நம் பக்கம் டீக்கடை என்றால் நின்றபடி குடித்துவிட்டு, கிளாஸை வைத்துவிட்டு நடையைக் கட்டுவோம். பெண்கள் அங்கே உட்கார்ந்து அரட்டை அடிப்பது இன்றும் அபூர்வம். உங்கள் ஊரில் தாழ்வான முக்காலியில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருக்கிறார்கள். மேசைமேல் வெறும் பச்சைத் தேயிலைத் தண்ணீர் ஃபிளாஸ்கில் இருக்கிறது, அதற்குக் காசு கிடையாது. கேட்காமலேயே சமோசா, நீளமான எண்ணெய்ப் பலகாரம், பன் எல்லாம் தட்டு தட்டாக வந்துவிடுகின்றன. சாப்பிட்டதை எண்ணிக் காசு வாங்கிக்கொள்கிறார்கள், தொடாததைத் திருப்பி எடுத்துக்கொள்கிறார்கள். இந்த ஏற்பாடு புரியும்வரை என் வீட்டுக்காரர் எதையும் தொடாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆகவே அத்தையிடம் முதலிலேயே விளக்கிவிடுங்கள்.

டீயில் எத்தனை வகை! இனிப்பு தூக்கலாக, பால் தூக்கலாக, டிகாஷன் கடுப்பாக என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். நாங்கள் தங்கிய தெருமுனைக் கடையில் கல்லாவில் இருந்தவர் தமிழர். கைலியும் பர்மா சட்டையுமாக இருந்ததால் தெரியவில்லை. மாமியார் என்னிடம் "சர்க்கரை கூடிப்போச்சு" என்றதும், "அம்மா, வேற போடச் சொல்றேன்" என்று எழுந்து வந்துவிட்டார். அன்றைய காலை வேறு எங்கும் போகவில்லை. அவர் பாட்டன் எந்த ஊர், எங்கள் பாட்டன் எந்த ஊர் என்பதிலேயே மணி பதினொன்றாகிவிட்டது.

பாட்டிக்கு முழங்கால் வலி இருந்தால் இரண்டு முக்காலியை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுத் தரச் சொல்லுங்கள். எங்கள் மாமியாருக்குக் கடைப்பையன் அப்படித்தான் போட்டுத் தந்தான்.

7 நவம்பர்

இன்று ஷ்வேடகோன். கொஞ்சம் நீளமாகவே எழுதப்போகிறேன்.

கூட்டிப்போகிறவர்கள் பெரும்பாலும் பகல் பதினொரு மணிக்குக் கூட்டிப்போகிறார்கள். படிக்கட்டின் அடியிலேயே செருப்பு, காலுறை எல்லாவற்றையும் கழற்றிவிடவேண்டும். மேலே வெயிலில் பளிங்கு கொதிக்கிறது, காலைத் தூக்கித் தூக்கி நடப்பார்கள், இரண்டு படம் எடுப்பார்கள், இறங்கிவிடுவார்கள். ஐந்து மணிக்குக் கூட்டிப்போங்கள். நாங்கள் போனபோது இரவு பத்து மணி வரை திறந்திருந்தது. 2018-இல் வெளிநாட்டவருக்கு 10,000 கியாட் சீட்டு, அன்றைய நம் கணக்கில் 450 ரூபாய் பக்கம். அந்தக் காசுக்கு அரை மணியில் இறங்குவது நியாயமா?

மாலையில் வெயில் சாயச் சாய அந்த 99 மீட்டர் ஸ்தூபியின் நிறம் மாறுகிறது. அதைப் படத்தில் எல்லோரும் பார்த்திருப்பார்கள். என்னைக் கட்டிப்போட்டது அதன் அடியில் நடந்த வாழ்க்கை. ஆபீஸ் விட்டு வந்தவர்கள் பையை ஓரமாக வைத்துவிட்டுக் கண்ணை மூடி உட்கார்கிறார்கள். பக்கத்திலேயே காதலர்கள் கிசுகிசுக்கிறார்கள். ஒரு குடும்பம் டிபன் கேரியரைத் திறக்கிறது. ரோஜா நிற உடை உடுத்திய சின்னப் பெண் துறவிகள் வரிசையாகப் போகிறார்கள். வேண்டுதலுக்காகத் தன்னார்வலர்கள் நீளமான துடைப்பங்களை ஏந்தி ஒரே வரிசையில் தரையைக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். யாரும் யாரையும் நகரச் சொல்லவில்லை. நம் பெரிய கோயில்களில் கயிறு கட்டி "நகரு, நகரு" என்று தள்ளுவதற்குப் பழகியவளுக்கு அந்தத் தரையில் இரண்டு மணி நேரம் உட்காரக் கிடைத்தது பெரிய சந்தோஷம்.

அப்புறம் கிழமை மூலைகள். நீங்கள் தினம் பார்ப்பதால் சாதாரணமாக இருக்கலாம். எங்களுக்கு அது அதிசயம். பிறந்த கிழமைக்கு ஒரு மூலை, ஒரு கிரகம், ஒரு விலங்கு. திங்களுக்குப் புலி, செவ்வாய்க்குச் சிங்கம், வியாழனுக்கு எலி, சனிக்கு நாகம். புதன்கிழமையை மட்டும் இரண்டாக வெட்டி, காலையில் பிறந்தவர்களுக்குத் தந்தமுள்ள யானை, பிற்பகலில் பிறந்தவர்களுக்குத் தந்தமில்லாத யானை. அந்தப் பிற்பகல் ராகுவுக்கு உரியது என்றதும் மாமியாருக்கு முகம் மலர்ந்துவிட்டது. நவக்கிரகம் சுற்றி வளர்ந்தவர் அல்லவா. ஆனால் அவருக்கு நட்சத்திரம் தெரியும், கிழமை தெரியாது. அங்கே தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த ஒரு பர்மியப் பெண்மணி பிறந்த தேதியைக் கேட்டு, போனில் நாட்காட்டியைத் தேடி வெள்ளிக்கிழமை என்று கண்டுபிடித்துக் கையைப் பிடித்து அந்த மூலைக்கு அழைத்துப்போனார். ஒரு வார்த்தை பொதுமொழி கிடையாது இருவருக்கும்.

இருட்டிய பிறகு இன்னொன்று. உச்சியில் பதித்த பெரிய வைரம் ஒன்று, தரையில் குறிப்பிட்ட இடங்களில் நின்று அண்ணாந்து பார்த்தால், ஓரடி நகர நகர ஒரு தடவை பச்சையாகவும் ஒரு தடவை சிவப்பாகவும் மின்னுகிறது. எந்த இடம் என்று அங்கிருப்பவர்கள் காட்டுவார்கள். பிள்ளைகளை இதற்காகவே இருட்டும்வரை வைத்திருங்கள்.

8 நவம்பர்

பாட்டி படி ஏற முடியுமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஏறத் தேவையில்லை. லிஃப்டும் இருக்கிறது, ஒரு வாசலில் நகரும் படியும் இருக்கிறது. பிள்ளைகள் அரைக்கால் சட்டையோ கையில்லாத சட்டையோ போட்டு வரக்கூடாது. உட்காரும்போது புத்தர் சிலைப் பக்கம் காலை நீட்டக்கூடாது.

10 நவம்பர்

வட்ட ரயில். இதைப் பற்றி எழுதவேண்டும் என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

மத்திய ரயில் நிலையத்தில் ஏறினால் சுமார் 46 கிலோமீட்டர் ஊரைச் சுற்றிவிட்டு அதே நிலையத்தில் இறக்கிவிடும். நாங்கள் போனபோது கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் ஆனது. அப்போது சீட்டு 200 கியாட், பத்து ரூபாய்கூட ஆகவில்லை. வேகமே கிடையாது. சைக்கிள்காரர் முந்திப்போவதைப் பார்த்தேன். "இதுக்கு எதுக்கு ரயில்" என்று வீட்டுக்காரர் முதல் கால் மணி நேரம் முணுமுணுத்தார். அதற்குப் பிறகு ஜன்னலை விட்டு நகரவில்லை.

ஊர் நடுவிலிருந்து கிளம்பிப் பின்வாசல்கள், துணி காயும் கொடிகள், பிறகு கீரைப் பாத்திகள், எருமைகள் என்று காட்சி மாறிக்கொண்டே போகிறது. டான்யின்கோன் என்ற நிலையத்தில் பிளாட்பாரமே சந்தை. மூட்டை மூட்டையாகக் கீரையும் முள்ளங்கியும் ஜன்னல் வழியாகவே உள்ளே வந்து விழுகின்றன. அடுத்த சில நிலையங்களுக்குள் பெண்கள் பெட்டியின் தரையில் உட்கார்ந்து கீரையை ஆய்ந்து கட்டுக் கட்டாகக் கட்டி முடித்துவிட்டார்கள். ஊருக்குள் இறங்கும்போது விற்பதற்குத் தயார். என் மாமியார் சும்மா இருக்கமாட்டாமல் ஒரு கட்டை வாங்கி ஆய்ந்து கொடுத்தார். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே முகத்தில் பூசும் தனகா மரப்பட்டைச் சாந்தைக் கொஞ்சம் குழைத்து மாமியார் கன்னத்தில் தடவிவிட்டாள். எங்களிடம் இருக்கும் ரங்கூன் படங்களிலேயே எனக்குப் பிடித்தது அதுதான்.

ஒரு வேண்டுகோள். இரவுக் கடைசி வண்டியிலோ, ஆபீஸ் நேரத்திலோ ஏற்றாதீர்கள். காலை எட்டரை, ஒன்பதுக்கு ஏறினால் உட்கார இடம் கிடைக்கும். பாதையில் வேலை நடக்கும் நாளில் முழுச் சுற்று ஓடாது. முதல் நாளே நிலையத்தில் விசாரித்துவிடுங்கள்.

14 நவம்பர்

டாலா படகு பற்றி எழுத உட்கார்ந்தேன். நாளை இரவு எங்கள் பக்கம் கஜா புயல் கரையைக் கடக்கும் என்கிறார்கள். மாட்டுக்கொட்டகையைப் பார்க்கவேண்டும். பிறகு வருகிறேன்.

23 நவம்பர்

இன்னும் கரண்ட் இல்லை. தெருவுக்கு ஒரு ஜெனரேட்டர் கொண்டுவந்து தண்ணீர் ஏற்றுகிறார்கள், அதில் போனுக்குச் சார்ஜ் போட்டு எழுதுகிறேன். நாங்கள் எல்லோரும் நலம். தென்னைகள் போய்விட்டன. எங்கள் ஊரிலிருந்து பட்டுக்கோட்டை, பேராவூரணி வரை தென்னந்தோப்பு என்று இருந்ததெல்லாம் படுத்துக் கிடக்கிறது. விசாரித்த எல்லோருக்கும் நன்றி.

தம்பி, நீங்கள் அனுப்பிய செய்தியில் "அக்கா, நர்கீஸ் வந்தபோது நான் சின்னப் பையன், எங்கள் தெருவில் நின்ற பெரிய மரம் முழுக்க வேரோடு வந்துவிட்டது" என்று எழுதியிருந்தீர்கள். அந்த டீக்கடை முதலாளியும் இதைத்தான் சொன்னார். 2008 மே 2-ஆம் தேதி கரையேறிய புயல். ஐராவதி டெல்டாவில் இறந்தவர்களும் காணாமல்போனவர்களுமாக 1,38,000 பேருக்கு மேல். ரங்கூனில் நூறு வருட மரங்கள் சாய்ந்து சாலைகளை அடைத்துக்கொண்டன. மறுநாள் காலையில் பிக்குகளும் பக்கத்து வீட்டுக்காரர்களும் அரிவாளும் ரம்பமும் எடுத்துக்கொண்டு வந்து தாங்களாகவே வெட்டி வழி செய்தார்கள் என்றார். அன்று அதைக் கேட்டேன். இந்த வாரம் எங்கள் தெருப் பிள்ளைகள் அதையே செய்யும்போதுதான் அவர் சொன்னது எனக்கு உறைத்தது.

இன்று கார்த்திகை தீபம். ஆளுக்கு இரண்டு அகல் ஏற்றினோம். உங்கள் ஊரிலும் இந்த வாரம் தசாங்டைங் விளக்குத் திருவிழா. ஒரே பௌர்ணமிதானே. ஷ்வேடகோனில் பெண்கள் இரவு முழுக்கத் தறியில் உட்கார்ந்து துவராடை நெய்து விடிவதற்குள் புத்தருக்குச் சாத்துவார்கள் என்று அங்கே கேள்விப்பட்டேன். எங்கள் பயணம் மார்கழியில் என்பதால் பார்க்கவில்லை. இன்னொரு தடவை வந்தால் அந்த இரவுக்காகத்தான் வருவேன்.

2 டிசம்பர்

கரண்ட் வந்துவிட்டது. விட்ட இடத்திலிருந்து.

டாலா படகு: பன்சோடான் துறையில் ஏறினால் ஆற்றைக் கடந்து அக்கரையில் இறக்கிவிடும். பத்து நிமிடம்தான். வெளிநாட்டவருக்குத் தனிச் சீட்டு, பாஸ்போர்ட் கேட்பார்கள், கையில் வைத்திருக்கச் சொல்லுங்கள். குளிர்காலத்தில் கடற்காக்கைகள் படகை விடாமல் துரத்தி வருகின்றன. ஜனங்கள் தீனியை மேலே வீசுகிறார்கள், அவை பறந்தபடியே கவ்வுகின்றன. காடை முட்டை, பீடா, கூலிங்கிளாஸ் என்று தலையில் சுமந்து விற்பவர்கள் அந்தப் பத்து நிமிடத்துக்குள் முழு வியாபாரமும் முடித்துவிடுகிறார்கள். அக்கரையில் இறங்கியதும் சைக்கிள் ரிக்‌ஷாக்காரர்கள் மொய்த்துக்கொள்வார்கள். எங்களோடு பாதி வழியில் விலையை மாற்றியவர் ஒருவர் உண்டு. நீங்கள் கூட இருந்து பர்மிய மொழியில் முன்கூட்டியே பேசிவிட்டால் அந்தத் தொல்லை இருக்காது. நேரம் குறைவு என்றால் இறங்காமல் அதே படகில் திரும்பிவிடலாம். எனக்கு அக்கரையைவிட ஆறுதான் பிடித்தது.

3 டிசம்பர்

"பழைய பிரிட்டிஷ் கட்டடங்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே" என்று ஒரு ஐயா கேட்டிருக்கிறார். சரி, நடந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

சூலே பகோடாவிலிருந்து தொடங்குங்கள். எட்டுப் பட்டையுள்ள அந்த ஸ்தூபி நடுச்சாலையில் நிற்கிறது. 1852 யுத்தத்துக்குப் பிறகு ஆங்கிலேயர் அதை மையமாக வைத்துத்தான் நேர்நேராகத் தெருக்களை வெட்டினார்கள். அந்தச் சந்திப்பில் நின்று ஒரு சுற்றுத் திரும்பினால் பகோடா, மசூதி, கிறிஸ்தவக் கோயில், நகர மன்றம், பூங்கா எல்லாம் கண்ணில் படும். கிழக்கே கொஞ்சம் தள்ளிச் செயலகம். 1947 ஜூலை 19 அன்று பர்மிய விடுதலைத் தலைவர் ஆங் சானும் அவருடைய சகாக்களும் சுட்டுக் கொல்லப்பட்ட செங்கல் கட்டடம். அவர்களில் ரசாக் என்ற முஸ்லிம் அமைச்சரும் ஒருவர். பல கட்டடங்களில் நீல வட்டப் பலகை வைத்து வரலாறு எழுதியிருக்கிறார்கள். 2012-இல் தொடங்கிய யாங்கோன் பாரம்பரிய அறக்கட்டளை செய்த நல்ல வேலை.

ஆனால் பெரிய கட்டடங்களைவிட அவற்றுக்கு நடுவிலுள்ள குறுக்குத் தெருக்கள்தான் என் மனத்தில் நின்றவை. ஐந்தாறு மாடி வீடுகள், லிஃப்ட் கிடையாது. ஒவ்வொரு பால்கனியிலிருந்தும் ஒரு கயிறு தெருவரை தொங்குகிறது, நுனியில் ஒரு கிளிப்போ பையோ. பேப்பர்காரர் பேப்பரைச் செருகிவிட்டுப் போகிறார், காய்காரி கத்திரிக்காயை வைக்கிறாள், மேலிருந்து இழுத்துக்கொள்கிறார்கள். சில கயிற்றில் மேலே மணி கட்டியிருக்கிறது. நான்காவது மாடியிலிருந்து ஒரு பாட்டி பேரம் பேசிக்கொண்டிருந்ததை அரை மணி நேரம் நின்று பார்த்தேன். காய்காரிதான் விட்டுக்கொடுத்தாள்.

இன்னொன்று, காது. ஊருக்குள் மோட்டார் பைக்குக்கு அனுமதி இல்லை. அதனால் அவ்வளவு பெரிய நகரத்தில் ஸ்கூட்டர் இரைச்சலே இல்லாமல் நடக்க முடிகிறது. காரெல்லாம் வலப்பக்கம் ஓடுகின்றன, ஸ்டீயரிங்கும் பெரும்பாலும் வலப்பக்கமே. 1970-இல் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாற்றினார்கள், வண்டிகள் ஜப்பானிலிருந்து வந்த பழையவை. சாலையைக் கடக்கும்போது நம்மவர்கள் தவறான பக்கம் பார்ப்பார்கள், பாட்டியின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். நடைபாதைப் பலகைக்கற்கள் ஆடும், கீழே பார்த்து நடக்கவேண்டும்.

4 டிசம்பர்

நம்மவர் அடையாளங்களைத் தனியாக எழுதச் சொல்கிறார் அதே ஐயா. எழுதாமல் இருப்பேனா.

அனவ்ரதா சாலையில் காளி கோயில். 1871-இல் தமிழர்கள் கட்டியது என்கிறார்கள். கோபுரத்தின் வண்ணத்தைப் பார்த்ததும் மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டார். உள்ளே தேங்காய், பழம், கற்பூரம் எல்லாம் நம் வழக்கம்தான். ஆனால் வரிசையில் நின்றவர்களில் பர்மியர்களும் சீனர்களும் கணிசம், அவர்களும் அதே பக்தியோடு அர்ச்சனைக்குக் கொடுக்கிறார்கள். சூலேக்குக் கிழக்கே அதே சாலையில் பெருமாள் கோயில்.

மொகல் தெரு, இப்போது ஷ்வே பொன்தா தெரு. நகரத்தார் தங்கி வட்டிக்கடை நடத்திய கிட்டங்கிகள் இருந்த தெரு. இன்று நகைக்கடையும் மூக்குக் கண்ணாடிக் கடையும்தான். பார்ப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை என்றாலும், செட்டிநாட்டு வீட்டுத் தேக்குத் தூண்களைப் பார்த்தவர்கள் அந்தத் தெருவில் ஒரு தடவை நடக்கத்தான் வேண்டும். அந்தத் தூணுக்கான பணம் சம்பாதிக்கப்பட்ட ஊர் இது. பர்மிய விவசாயிகள் முப்பதுகளில் கடனுக்கு நிலத்தை இழந்ததும் அதே கணக்குப் புத்தகங்களில்தான் இருக்கிறது. பெருமையை மட்டும் சொல்லிவிட்டு இதை விட்டுவிட என் மனம் ஒப்பவில்லை. பிள்ளைகளிடம் இரண்டையும் சொல்லுங்கள்.

5 டிசம்பர்

சாப்பாடு.

சென்னை பீச் பக்கம் அத்தோ என்ற பர்மா நூடுல்ஸ் சாப்பிட்டுப் பழகியவர்கள் அதே ருசியைத் தேடி ஏமாறுவார்கள். ஆரஞ்சு நிற நூடுல்ஸும் முட்டைக்கோஸும் நொறுக்கிய பேஜோ என்ற பொரித்த பலகாரமும் வாழைத்தண்டு சூப்பும் சென்னையில் பர்மா அகதிகள் வளர்த்தெடுத்த ருசி. ரங்கூனில் காலையில் மொஹிங்கா சாப்பிடவேண்டும். மீனும் வாழைத்தண்டும் எலுமிச்சைப்புல்லும் கடலை மாவும் சேர்ந்த குழம்பில் அரிசி சேமியா. வீட்டுக்காரர் அதற்கு அடிமையாகிவிட்டார், தினமும் ஆறரை மணிக்கே என்னை எழுப்பினார்.

மாமியார் சைவம். பார்க்கக் காய்கறியாக இருக்கும், உள்ளே மீன் சாறு இருக்கும். "தெத்தத்லு" என்று சொன்னால் சுத்த சைவம் என்று புரிந்துகொள்கிறார்கள். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டே சமாளித்துவிட்டார். தேயிலை இலையை ஊறவைத்து வறுத்த பருப்பு, எள், பூண்டு சேர்த்துப் பிசையும் சாலடும் அப்படித்தான் அவருக்குக் கிடைத்தது. ஊருக்கு ஒரு பொட்டலம் வாங்கிவந்தார். பிறகு இரவு நேரத் தள்ளுவண்டித் தோசை. தக்காளி, முட்டைக்கோஸ், வேகவைத்த பட்டாணி எல்லாம் மேலே தூவி மொறுமொறுவென்று. அதை நம் தோசையோடு ஒப்பிட்டுக் குறை சொல்பவர்களோடு எனக்குப் பேச்சு இல்லை. அது தனி ருசி, நன்றாகவே இருக்கிறது.

காலேஜ் பிள்ளைகளுக்கு 19-ஆம் தெரு. மாலை ஆனதும் தெரு முழுக்க மேசை, கரி அடுப்பு, சுட்ட மீன். பாட்டியை அங்கே கூட்டிப்போகவேண்டாம், புகை.

9 டிசம்பர்

யோசித்துப் பார்த்தேன். ரயிலா, ஷ்வேடகோனா, எது ரொம்பப் பிடித்தது என்று யாரோ என்னிடம் கேட்டிருந்தீர்கள். அப்போது ரயில் என்று மனத்தில் முடிவு செய்திருந்தேன். இன்று எழுதியதையெல்லாம் திரும்பப் படித்தபோது டீக்கடைதான் மேலே நிற்கிறது. ரயிலில் நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். டீக்கடையில் எங்களையும் பார்த்தார்கள், பெயர் கேட்டார்கள், மறுநாள் காலையில் "நேத்து ஏன் சீக்கிரம் போயிட்டீங்க" என்றார்கள். வெளியூரில் இரண்டாம் நாளே ஒருவர் நம்மை அடையாளம் கண்டுகொண்டால் அதற்குமேல் என்ன வேண்டும். அதனால் தம்பி, மூன்று நாள் காலையிலும் ஒரே டீக்கடைக்குக் கூட்டிப்போங்கள். கடையை மாற்றாதீர்கள்.

16 டிசம்பர்

பகதூர் ஷா ஜாஃபர் தர்கா போகலாமா என்று கேட்டவருக்கு: கட்டாயம். 1857 கிளர்ச்சிக்குப் பிறகு கடைசி முகலாயரை 1858-இல் ரங்கூனுக்கு நாடு கடத்தினார்கள். 1862 நவம்பர் 7 அன்று அங்கேயே இறந்தார். எங்கே புதைத்தார்கள் என்று தெரியக்கூடாது என்று சமாதியை மறைத்துவிட்டார்கள். 1991-இல் தோண்டும் வேலை நடந்தபோதுதான் அது வெளியே வந்தது. 1885-இல் பர்மாவின் கடைசி அரசர் தீபோவைப் பிடித்து இந்தியாவில் ரத்னகிரிக்கு அனுப்பினார்கள், அவர் 1916-இல் அங்கே இறந்தார். இரண்டு நாட்டு அரசர்களையும் இடம் மாற்றிப் புதைத்திருக்கிறார்கள். வரலாறு படிக்கும் பிள்ளை இருந்தால் இதைச் சொல்லிக் கூட்டிப்போங்கள். ஷ்வேடகோனுக்குப் பக்கம்தான், அதே மாலையில் நாலு மணிக்கு இங்கே, ஐந்து மணிக்கு அங்கே என்று வைத்துக்கொள்ளலாம்.

17 டிசம்பர்

பணம்: டாலர் நோட்டு புதிதாக, மடிப்பே விழாமல் இருக்கவேண்டும். எங்கள் நோட்டு ஒன்றில் பேனாக் கோடு இருந்ததால் வாங்க மறுத்துவிட்டார்கள். அத்தையிடம் இப்போதே சொல்லிவிடுங்கள், அங்கிருந்தே பார்த்து வாங்கி வரட்டும்.

28 டிசம்பர்

தம்பி திட்டம் போட்டு அனுப்பியிருக்கிறார். திங்கட்கிழமை போஜோ மார்க்கெட் என்று இருக்கிறது. திங்களன்று அது மூடியிருக்கும், அரசு விடுமுறையிலும் அப்படியே. செவ்வாய்க்கு மாற்றுங்கள். 1926-இல் கட்டிய அந்த மார்க்கெட்டில் கைலித் துணியும் அரக்குப் பாத்திரமும் வாங்கலாம். ரசீது கொடுக்காத கடையில் மட்டும் ரத்தினக் கல் வாங்கவிடாதீர்கள், விமான நிலையத்தில் கேட்பார்கள்.

அதே திங்களன்று காலை ரயில், மத்தியானம் டாலா, மாலையில் ஷ்வேடகோன், இரவு 19-ஆம் தெரு என்றும் போட்டிருக்கிறீர்கள். இவ்வளவு வேண்டாம். டாலாவை எடுத்துவிடுங்கள், அல்லது செவ்வாய்க்குத் தள்ளுங்கள். ரயிலிலிருந்து இறங்கியதும் பாட்டி படுக்கவேண்டும் என்பார்.

அப்புறம், எல்லோருடைய பிறந்த தேதியையும் இப்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். புதன்கிழமைக்காரர் யாராவது இருந்தால் காலையா பிற்பகலா என்றும் கேட்டு வையுங்கள்.